கைக்குள் அடங்கிய மின்வலு



சென்ற ஆண்டு மூன்றாந் தவணையின்போது ஒரு நாட் காலை, எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பாசிரியர் ஒருவர் சிறு கருவியொன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். தீப்பெட்டிகள் இரண்டை அடுக்கிவைத்த அளவினது அது. ஒரு பக்கத்திலே சிறு கண்ணாடித் திரை, அதிலே எண்கள். மேலே வாய்வைத்து இழுப்பதற்கான குழாய். மாணவன் ஒருவனின் புத்தகப் பையிலிருந்து அது எடுக்கப்பட்டதாம். இலத்திரனியற் சிகரெட்டு என்று நூலறிந்தோரும், வேப் என்று பிள்ளைகளும் வழங்கும் பொருள் அதுவே.

மாணவனை அழைத்தேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை. தலை குனிந்து நின்றானேயன்றி அழவில்லை. நான் வழமையாகக் கூறும் அறிவுரையை முழுவதுங் கேட்டபின், மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொன்னான்: “சேர், இது கண்ட கண்ட சாமான் இல்லை. கட்டுப்பாட்டுச் சுற்று உள்ளது. அளவுக்கு மேலே சூடாகாது, வெடிக்காது. பெட்டியிலேயே எழுதியிருக்கு.”

அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை. நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்றுக் கற்பித்தவன். அந்தக் கட்டுப்பாடு எதனைக் கட்டுப்படுத்துகின்றது, எதனைக் கட்டுப்படுத்தவில்லை என்பதனை நான் அறிந்திருக்கவில்லை. அறியாத ஒன்றை வன்மையாகக் கண்டிக்கும் ஆசிரியனுடைய சொல் மாணவன் உள்ளத்திற் படியாது என்பதை முப்பது ஆண்டு அனுபவம் எனக்குக் கற்பித்திருக்கின்றது.

இன்னுமொரு காரணமும் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன், இதேபோன்ற வேறொரு கருவியைப் பறிமுதல் செய்த நான், அதனைக் குப்பையோடு சேர்த்து எரித்துவிடும்படி பாடசாலைக் காவலாளரிடம் கூறியிருந்தேன். அவரும் மாஞ்சருகுக் குவியலுக்குள் அதனை இட்டுத் தீ மூட்டினார். சிறிது நேரத்தில் வெடியோசை போன்ற ஓசை எழுந்தது. தீப்பொறிகள் சிதறின. நல்வாய்ப்பாக அவர் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குச் சென்றிருந்தார். குவியலருகே நின்றிருந்தால் அவர் கண்களுக்கு யாது நேர்ந்திருக்கும் என்பதை எண்ணும்போது இன்றும் என் நெஞ்சு பதைக்கின்றது. தவறு அவருடையதன்று; என்னுடையது.

ஆகவே, மாணவனின் கேள்விக்கு விடை காணவும், என் அறியாமையைப் போக்கிக்கொள்ளவும், எங்கள் பௌதிக ஆசிரியையிடம் மாணவனாய்ச் சென்றமர்ந்தேன். அவர் அந்தக் கருவியைத் திறந்து, ஒவ்வோர் உறுப்பாகக் காட்டி விளக்கினார். யான் பெற்ற அவ்விளக்கத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலிலே கருவியின் நோக்கத்தைக் கூறிவிடுகின்றேன். இதனுள்ளே மூன்று பகுதிகள் உள்ளன. ஒன்று, மின்னைச் சேமித்து வைத்திருக்கும் மின்கலம். மற்றொன்று, உலோகக் கம்பியாலான சிறு சுருள். அதனோடு ஒட்டியபடி பஞ்சுத் திரி. மூன்றாவது, இவ்விரண்டிற்கும் இடையே நின்று கணக்குப் பார்க்கும் மின்சுற்று. பஞ்சிலே ஊறியிருக்கும் திரவம் பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின் என்னும் இரண்டின் கலவை. அத்துடன் வாசனைப் பொருளும் நிக்கொற்றினும் சேர்ந்திருக்கும். புரொப்பிலீன் கிளைக்கோல் 188 பாகை செல்சியசிலும், கிளிசரின் 290 பாகையிலும் கொதிப்பன. சுருள் சூடேறும்போது இக்கலவை ஆவியாகின்றது. அவ்வாவியையே இழுக்கின்றனர். இங்கே புகையிலை எரிவதில்லை. நெருப்பும் இல்லை. வெப்பம் மட்டுமே உண்டு.

இத்தகைய எண்ணம் புதிதன்று. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஏபேட் கில்பேட் என்பவர் புகையும் புகையிலையும் அற்ற சிகரெட்டொன்றுக்கு 1963 இல் விண்ணப்பித்து 1965 இல் ஆக்கவுரிமை பெற்றார். எனினும் அது சந்தையில் வேரூன்றவில்லை. சீன நாட்டு மருந்தியலாளரான ஹொன் லிக் என்பவர் 2003 இல் உருவாக்கிய கருவியே இன்றைய கருவிகளுக்கு முன்னோடி. இடைப்பட்ட காலத்திலே மின்கலத்தில் நேர்ந்த பெரும் மாற்றம் இதற்குத் துணைநின்றது. இலித்தியம் அயன் மின்கலம் 1991 இல் வணிகப் பொருளாக வெளிவந்தது. அதனை ஆக்குவதற்கு வழிகாட்டிய குடினவ், விற்றிங்கம், யொசினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கையடக்கத் தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் உயிர் கொடுக்கும் அதே மின்கலந்தான் இச்சிறு கருவிக்கும் உயிர்.

இனி, மின்கணக்கிற்கு வருவோம். அஞ்ச வேண்டியதில்லை, நான்காம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் போதுமானவை.

கம்பியொன்றிலே மின் பாயும்போது, மின்னைத் தள்ளும் அழுத்தத்தை வோல்ற்று என்னும் அலகாலும், பாயும் ஓட்டத்தை அம்பியர் என்னும் அலகாலும், கம்பி காட்டும் தடையை ஓம் என்னும் அலகாலும் அளப்பர். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். 1827 இல் இதனை நூலாக வெளியிட்ட யேர்மனியரான ஜோர்ஜ் ஓம், கொலோன் நகரிலே பாடசாலை ஆசிரியராய் இருந்தவர் என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையிற் பெருமையுடன் கூறிக்கொள்கின்றேன். அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கினால் வலு கிடைக்கும். அதன் அலகு வாற்று. சுருள் எவ்வளவு விரைவாகச் சூடேறும் என்பதை முடிவுசெய்வது இந்த வாற்றே. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: தடை மாறாதிருக்க, அழுத்தத்தை இரு மடங்காக்கினால் வலு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. ஆகவே அழுத்தத்திலே நேரும் சிறு மாற்றமும் வெப்பத்திலே பெரு மாற்றமாகின்றது.

இலித்தியம் அயன் மின்கலம் முழுதாக மின்னேற்றப்பட்டிருக்கையில் அதன் அழுத்தம் 4.2 வோல்ற்று. பாவிக்கப் பாவிக்க அது குறைந்துகொண்டே வரும். ஏறத்தாழ 3.2 வோல்ற்றை அடைந்ததும், கலம் வெறுமையாகிவிட்டது என்று கருதிப் பல கருவிகள் நின்றுவிடுகின்றன. இப்பொழுது 0.4 ஓம் தடையுடைய சுருளொன்றை நேரடியாக இம்மின்கலத்தோடு இணைத்தால் யாது நிகழும்? முழு மின்னேற்றத்தில் 4.2 ஐ 0.4 ஆல் வகுக்க 10.5 அம்பியர். வலு 44.1 வாற்று. மின்கலம் தளர்ந்து 3.2 வோல்ற்றை அடையும்போது ஓட்டம் 8 அம்பியர், வலு 25.6 வாற்று. அதாவது, காலையில் கொதிக்கும் சுருள் மாலையில் அதன் வலுவில் ஐந்தில் மூன்று பங்கை மட்டுமே பெறுகின்றது. கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத கருவிகளின் இயல்பு இதுவே. அவற்றில் பொத்தானை அழுத்தினால் மின்கலமும் சுருளும் நேருக்கு நேர் நிற்கும்; இடையிலே கேட்பார் எவருமில்லை. சுருள் தவறுதலாய்த் தன்னோடு தான் தொட்டுக்கொண்டு தடை மிகக் குறைந்துபோனால், மின்கலம் தன்னிடமுள்ள அனைத்தையும் ஒரேயடியாகக் கொட்டிவிட முற்படும். அதன் முடிவு விபரீதமானது.

இக்குறைகளைப் போக்கவே கட்டுப்பாட்டுச் சுற்று உண்டாயிற்று. அது செய்யும் வேலைகளை முறையாகக் காண்போம்.

முதலாவது வேலை, சுருளின் தடையை அளத்தல். சிறியதொரு மின்னோட்டத்தைச் சுருளினூடே செலுத்தி, அங்கே தோன்றும் அழுத்தத்தை அளந்து, தடை எத்தனை ஓம் என்று கணித்துத் திரையிலே காட்டுகின்றது. தடை அளவுக்கு மேற் குறைந்திருந்தாலோ, சுருள் அறுந்து வழியே இல்லாதிருந்தாலோ பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கருவி இயங்க மறுக்கின்றது.

இரண்டாவது வேலை, வேண்டிய அழுத்தத்தைக் கணித்தல். பாவிப்பவர் திரையில் 40 வாற்று என்று குறித்துள்ளார் எனக் கொள்வோம். சுருளின் தடை 0.4 ஓம். 40 ஐ 0.4 ஆற் பெருக்க 16. அதன் வர்க்கமூலம் 4. ஆகவே சுருளுக்கு வேண்டியது 4 வோல்ற்று. பாய வேண்டியது 10 அம்பியர். இக்கணக்கைக் கடுகளவான ஒரு சில்லு கண்ணிமைக்கும் நேரத்தினுள் செய்து முடிக்கின்றது.

மூன்றாவது வேலையே வியப்புக்குரியது. மின்கலத்தில் இருப்பது காலையில் 4.2 வோல்ற்று, மாலையில் 3.4 வோல்ற்று. சுருளுக்கோ எப்பொழுதும் 4 வோல்ற்று வேண்டும். காலையிற் குறைத்துக் கொடுக்க வேண்டும். மாலையிற் கூட்டிக் கொடுக்க வேண்டும். இருப்பதைக் குறைப்பது இயலும். இல்லாததைக் கூட்டுவது எங்ஙனம்?

இங்கே எங்கள் ஆசிரியை எனக்கு விளங்கும்படி ஓர் உவமை கூறினார். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே முன்னாளில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்ததை முதியோர் அறிவர். கிணற்று நீர் ஆழத்திலே கிடக்கின்றது. வாய்க்காலோ மேலே உள்ளது. நீர் தானாக மேலேறாது. ஆனால் பட்டையை ஆழத்துக்கு இறக்கி, நிரப்பி, மேலே தூக்கித் தொட்டியில் ஊற்றினால், ஒவ்வொரு பட்டையாக ஊற்றிய நீர் தொட்டியிலே தேங்கி, வாய்க்காலிலே இடையறாத ஓட்டமாய்ப் பாய்கின்றது. கட்டுப்பாட்டுச் சுற்றிலே பட்டையின் வேலையைச் செய்வது தூண்டி எனப்படும் கம்பிச் சுற்று. தொட்டியின் வேலையைச் செய்வது கொள்ளளவி. துலா மிதிப்பவனின் வேலையைச் செய்வது குறைகடத்தியாலான ஆளி. அந்த ஆளி மூடும்போது மின்கலத்திலிருந்து தூண்டிக்குள் மின்னோட்டம் வளர்ந்து, அதன் காந்தப் புலத்திலே சக்தி சேர்கின்றது. ஆளி திறக்கும்போது தூண்டி தன் ஓட்டத்தைச் சட்டென நிறுத்த இடங்கொடாது. தன்னுள்ளே தோன்றும் அழுத்தத்தை மின்கல அழுத்தத்தோடு கூட்டி, அதனைக் கொள்ளளவிக்குள் தள்ளுகின்றது. இவ்வாறு ஆளி ஒரு விநாடியிலே இலட்சக்கணக்கான தடவைகள் மூடித் திறக்கின்றது. எத்தனை பங்கு நேரம் மூடியிருக்க வேண்டும் என்பதைச் சில்லு இடைவிடாது திருத்திக்கொண்டேயிருப்பதால், கொள்ளளவியின் வாயிலில் எப்பொழுதும் 4 வோல்ற்று நிற்கின்றது. உறுப்புகளின் ஒழுங்கை மாற்றியமைத்தால், இதே முறையால் அழுத்தத்தைக் குறைக்கவும் முடியும்.

மலிவான சில கருவிகள் இவ்வளவு தூரம் செல்வதில்லை. அவை மின்கலத்தின் முழு அழுத்தத்தையே துண்டு துண்டாக்கிச் சுருளுக்கு அனுப்புகின்றன. பாதி நேரம் திறந்து பாதி நேரம் மூடினால் பாதி வலு. மேற்கூறிய 44 வாற்று 22 வாற்றாகின்றது. துண்டுகள் மிகச் சிறியனவாதலாற் சுருள் இடையிடையே குளிர்வதற்கு நேரமில்லை. இம்முறையால் வலுவைக் குறைக்கலாமேயன்றி, மின்கலம் தரவல்லதற்கு மேலாகக் கூட்ட இயலாது.

நேயர்களே, இவ்விடத்தில் ஓர் உண்மையை அழுத்திக் கூற வேண்டும். சுற்று வலுவைப் படைப்பதில்லை. மாற்றி அளிக்கின்றது, அவ்வளவே. அம்மாற்றத்திலும் ஒரு பங்கு வெப்பமாய் வீணாகின்றது. பத்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால், சுருளுக்கு 40 வாற்றுக் கொடுக்க மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 44.4 வாற்று எடுக்க வேண்டும். மின்கலம் 4.2 வோல்ற்றில் இருக்கும்போது அதற்கு 10.6 அம்பியர் போதும். அது 3.2 வோல்ற்றுக்குத் தளர்ந்துவிட்டால், அதே 44.4 வாற்றுக்கு 13.9 அம்பியர் எடுக்க வேண்டியதாகின்றது. கட்டுப்பாடில்லாத கருவியில் மின்கலம் தளரத் தளர அதன்மீது சுமத்தப்படும் பாரமும் குறைகின்றது. கட்டுப்பாடுள்ள கருவியிலோ மின்கலம் தளரத் தளரப் பாரம் கூடுகின்றது. கிணற்று நீர் கீழே போகப் போகத் துலா மிதிப்பவனுக்கு உழைப்பு மிகுவதுபோல, களைத்த மாட்டின்மீதே மேலும் பொதி ஏற்றப்படுகின்றது. வெளியே திரையைப் பார்ப்பவருக்கு 40 என்ற எண் மாறாமலே தெரியும். உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது.

ஆகவேதான் மின்கலத்தின் தகுதி முதன்மையாகின்றது. 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடைய உருளைக் கலமொன்றை எடுத்துக்கொள்வோம். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றே. ஆனால் மடிக்கணினிக்கென ஆக்கப்பட்டவற்றுட் பல 10 அம்பியரைக்கூடத் தொடர்ந்து தரத்தக்கன அல்ல. பெரு வலு வேண்டும் கருவிகளுக்கென ஆக்கப்பட்டவை 20 அம்பியர் அளவிலும் தரும். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய கலத்தை இக்கருவியில் இடுபவன், கைவண்டி மாட்டை ஏரிலே பூட்டுபவனை ஒத்தவன். இரு கலங்களைத் தொடராக இணைத்த கருவிகளில் அழுத்தம் இரு மடங்காவதால், ஒவ்வொரு கலத்தின் ஓட்டமும் பாதியாகின்றது. மேற்கண்ட கணக்கின்படி தளர்ந்த நிலையிலும் ஏறத்தாழ 7 அம்பியரே வேண்டும். எனினும் அவ்விரு கலங்களும் ஒரே வகையாய், ஒரே வயதாய் இருத்தல் வேண்டும். இல்லையேல் தளர்ந்த கலம் முன்னதாகவே வெறுமையாகி வருந்தும்.

இவற்றோடு இன்னும் சில காவல்களும் சுற்றிலே உண்டு. சுமார் 10 விநாடிகளுக்கு மேல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் பல கருவிகள் தாமாகவே நின்றுவிடும். மின்கலத்தின் அழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கினாலும், சில்லு அளவுக்கு மேற் சூடானாலும் நின்றுவிடும். மின்னேற்றும்போது 4.2 வோல்ற்றுக்கு மேற் செல்லாதபடி தடுக்கும்.

வெப்பத்தையே அளந்து கட்டுப்படுத்தும் கருவிகளும் உள்ளன. நிக்கல், தைத்தேனியம், துருவேறா உருக்கு ஆகிய உலோகங்களின் தடை, வெப்பம் ஏற ஏறக் கூடும். நிக்கற் சுருளொன்று 20 பாகையில் 0.10 ஓம் தடையுடையதாயின், 220 பாகையில் அதன் தடை ஏறத்தாழ 0.22 ஓம் ஆகும். ஆகவே தடையை அளந்தே வெப்பநிலையை அறிந்துகொள்ளலாம். தனியாக வெப்பமானி வேண்டியதில்லை. திரி உலர்ந்துபோனால் சுருளின் வெப்பம் சடுதியாக ஏறும், தடையும் ஏறும், சுற்று அதனை உணர்ந்து வலுவைக் குறைத்துவிடும். ஆனால் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலப்புலோகக் கம்பியின் தடை வெப்பத்தோடு பெரிதாக மாறுவதில்லை. அத்தகைய சுருளுக்கு இக்காவல் பயன்படாது.

இவ்வளவையும் கேட்டபோது, மனிதனின் நுண்ணறிவை வியவாதிருக்க என்னால் இயலவில்லை. மாணவன் கூறியது பொய்யன்று. கட்டுப்பாடு உண்மையிலேயே உண்டு. ஆனால் எதன்மீது கட்டுப்பாடு? வோல்ற்றின்மீது. அம்பியரின்மீது. சிலவற்றில் வெப்பத்தின்மீது. அதற்கப்பால் இல்லை.

முதலாவதாக, மின்கலத்தின் உள்ளே நேரும் கேட்டினைச் சுற்று தடுக்க மாட்டாது. இலித்தியம் அயன் கலத்தினுள்ளே தீப்பற்றத்தக்க திரவம் உள்ளது. கலம் நசுங்கினாலோ, துளைபட்டாலோ, நெருப்பிலிடப்பட்டாலோ, உள்ளே தொடங்கும் வெப்பம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு கட்டுக்கடங்காது செல்லும். எங்கள் சருகுக் குவியலில் நிகழ்ந்தது இதுவே. கலத்தைக் கழற்றிச் சாவியும் சில்லறைக் காசும் உள்ள சட்டைப் பையில் இட்டால், அங்கே காவல் செய்யச் சுற்று இல்லை, காசே கம்பியாகிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் தீயணைப்பு நிர்வாகம் 2017 இல் வெளியிட்ட அறிக்கையொன்று, 2009 முதல் 2016 வரையிலே அந்நாட்டுச் செய்தி ஏடுகள் முதலியவற்றில் வெளிவந்த இத்தகைய தீ, வெடிப்பு நிகழ்ச்சிகள் 195 எனக் கணக்கிட்டது. பாவிக்கப்படுவோரின் தொகையோடு ஒப்பிட இது சிறிதாகலாம். ஆயினும் தொடையிலும் முகத்திலும் தீக்காயம் பட்டவனுக்கு அந்த ஒப்பீடு ஆறுதலாகாது.

இரண்டாவதாக, ஆவியிலே என்ன இருக்கின்றது என்பதைச் சுற்று அறியாது. 2015 இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வொன்று, 3.3 வோல்ற்றில் இயங்கிய கருவியின் ஆவியிற் காணப்படாத போமல்டிகைட்டு சார்ந்த சேர்வைகள் 5 வோல்ற்றில் இயங்கியபோது காணப்பட்டதாகக் கூறிற்று. அவ்வளவு சூட்டிலே கருகற் சுவை தோன்றுமாதலின் எவரும் அதனை இழுக்க மாட்டார் என்று வேறு அறிஞர் மறுத்தனர். வாதம் எவ்வாறாயினும், அழுத்தத்தைக் கூட்டும் பொத்தான் விரலுக்குக் கீழேயே இருக்கின்றது என்பது மறுக்கவொண்ணாதது. கருவி, கேட்டதைக் கொடுக்கும். கேட்பது தகுமோ தகாதோ என்று அது வினவாது.

மூன்றாவது காரணம் என் மனத்தை மிகவும் வருத்தியது. கட்டுப்பாடில்லாத கருவி மாலையிலே தளர்ந்துபோகும். இதுவோ முதல் இழுப்பையும் கடைசி இழுப்பையும் ஒன்றுபோலவே தருகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் இயற்றிய நெறிமுறைகூட, இக்கருவிகள் நிக்கொற்றினைச் சீரான அளவில் தரவேண்டும் என்று விதிக்கின்றது. புகைத்தலை விட்டொழிக்க முயலும் முதியவருக்கு அச்சீர்மை உதவக்கூடும். ஆனால் ஒருபோதும் புகைத்தறியாத பதினேழு வயதுப் பிள்ளைக்கு, தவறாது சீராக வந்து சேரும் நிக்கொற்றின் யாது செய்யும்? பழக்கத்தை அதுவும் சீராகவே வளர்க்கும். எங்கள் நாட்டின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதிற் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருட்கள் விற்பதைத் தடைசெய்திருப்பதன் உட்கருத்தும் இளமையிற் பற்றும் பழக்கத்தின் வன்மையே.

இரு நாட்களின் பின் மாணவனை மீண்டும் அழைத்தேன். இம்முறை நான் அறிவுரை கூறவில்லை. மின்கலக் கணக்கை ஒரு தாளிலே எழுதிக் காட்டினேன். 10.6 எவ்வாறு 13.9 ஆகின்றது என்பதைக் கண்டதும் அவன் முகம் மாறியது. அவன் அதனை அறிந்திருக்கவில்லை. பின்னர், “தம்பி, இந்தப் பொத்தானால் வாற்றைக் குறைக்கலாம். உன்னுடைய ஆசையைக் குறைக்கப் பொத்தான் எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தான். “இரண்டு பாடம் முடியமுன் கை தேடத் தொடங்கிவிடும், சேர்” என்றான். அந்த ஒரு வார்த்தை, பெட்டியில் எழுதியிருந்த எல்லாவற்றிற்கும் விடையாய் அமைந்தது.

அவன் அன்றோடு முற்றாக விட்டொழித்தான் என்று கூறி உங்களை மகிழ்விக்க என்னால் இயலாது. விடுவதற்கு முயல்கின்றான், இடையே ஒரு முறை தவறி, அதனைத் தானே வந்து என்னிடம் கூறினான். தானாக வந்து கூறியதையே நான் பெரிதாகக் கொள்கின்றேன்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. பிள்ளையிடம் இக்கருவியைக் கண்டால், எரிக்கவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம், குப்பையோடு சேர்க்கவும் வேண்டாம். கழற்றத்தக்க கலமாயின் அதன் இரு முனைகளையும் ஒட்டு நாடாவால் மூடி, எளிதில் எரியும் பொருட்களுக்கு அப்பால், உலர்ந்த இடத்திலே தனியாக வைத்து, இலத்திரனியற் கழிவுகளைச் சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். எங்கள் பாடசாலையில் இதற்கென மணல் இட்ட வாளியொன்று இப்போது உண்டு. அதன்மேல் எச்சரிக்கை எழுதியவன் அந்த மாணவனே.

மற்றையது, கண்டிப்பதற்கு முன் அறிந்துகொள்ளுங்கள் என்பது. அவன் கையிலிருக்கும் பொருளைப் பற்றி அவனிலும் குறைவாக அறிந்திருந்தால், எங்கள் சொல் கொள்ளளவி இல்லாத மின்போலக் கணத்திலே மறைந்துபோகும். காவலாளரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “இனிமேல் சருகு மட்டும் தாருங்கோ ஐயா” என்றார்.